இடது ஓரம்

கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்றால் மங்கையர்க்கரசிக்கு அது ஆகிற காரியமா? தூக்கத்தில்கூட எங்காவது ஒரு தெருவை அகலப்படுத்திக்கொண்டிருக்கிற ஜென்மம். ஆனாலும் டெஸ்ட் எடுக்கிற பெண் ஜீவிதா, நீலக் கோட்டும் தலை நிறையக் கனகாம்பரமுமாக, ரொம்பப் பணிவாகத்தான் சொன்னாள். "மேடம், இந்த ரிப்போர்ட்ட டாக்டர் ஒத்துக்க மாட்டாருங்க. லைட்டே வராதப்பவும் நிறையத் தடவை பட்டன அழுத்தியிருக்கீங்க. மிஷின் நடுநடுவுல சத்தம் மட்டும் குடுத்து ஏமாத்திப் பார்க்குமுங்க. அதுல மாட்டிட்டீங்க. முக்கால்வாசிப் பேருக்கு மொதத் தடவை இப்படித்தான் ஆகும். கொஞ்ச நேரம் கண்ண மூடி உட்காருங்க, மறுபடி கூப்பிடறனுங்க." மாட்டிட்டீங்க என்றாளே, அந்த வார்த்தைதான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. முப்பத்தைந்து வருஷம் ஊர் ஊராகத் திட்டம் போட்டவள், மந்திரி முன்னால் வரைபடத்தை விரித்து "இது முடியாதுங்க சார்" என்று சொன்னவள், ஒரு மிஷினிடம் மாட்டிக்கொண்டாளாம். கோயம்புத்தூரில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் முதல் மாடி ஹாலில், இரும்பு நாற்காலியில், பக்கத்தில் கணவர் நாச்சிமுத்து பேப்பரை நாலாக மடித்துக் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருக்க, மங்கையர்க்கரசி கண்ணை மூடினாள். மூடினால் அந்த வெள்ளைக் கிண்ணம்தான் வந்து நின்றது.

இருட்டறைக்குள் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம், அவளைப் பார்த்துத் திறந்தபடி. தாடையைத் தாங்கியில் வைத்து, வலது கண்ணை ஒட்டி மறைத்துவிட்டு, இடது கண்ணால் நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். கையில் ஒரு பட்டன். கிண்ணத்துக்குள் எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் மின்னினால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான், குழந்தைப்பிள்ளை விளையாட்டு. முதலில் ஒழுங்காகத்தான் அழுத்தினாள். அப்புறம் பாழாய்ப்போன அந்த மூளை சும்மா இருந்ததா? ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் மிஷினுக்குள் மெல்ல 'டிக்' என்று ஒரு சத்தம் வருவதைக் காது பிடித்துக்கொண்டது. வெளிச்சங்கள் கட்டம் கட்டமாக, வரிசை பிசகாத ஒரு சதுரத்தில் நிற்பதை மனசு பிடித்துக்கொண்டது. அட, இது நம்ம சமாச்சாரம், மனைப்பிரிவு மாதிரியல்லவா போட்டிருக்கிறான் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. மேலே வந்துவிட்டது, வலதில் வந்துவிட்டது, இடது கீழ்மூலையில் இன்னும் வரவில்லை, இப்போது அங்கேதான் வர வேண்டும். டிக். அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கே ஒன்று இருக்க வேண்டும். கட்டை விரல் அழுத்திவிட்டது. திரும்ப டிக், திரும்ப இருட்டு, திரும்ப விரல். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தாளா? சாமி சத்தியமாக இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதாகவே பட்டது. இல்லை, பொய், பட்டது என்பதும் பொய். பயத்தில் அழுத்தினாள்.

ஹாலில் யாரோ ஒரு பெரியவரின் காலை மிதிக்க, அவர் தடுமாறி "பார்த்துப் போங்க" என்றார். கண்ணைத் திறந்துவிட்டாள். பார்த்துப் போவதாம், கண் ஆஸ்பத்திரியில்! மிதிபடாமல் என்ன செய்யும்? மருந்து வாங்குகிற வரிசையும் சக்கர நாற்காலி வருகிற வழியும் லிஃப்ட் வாசலிலேயே குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்த மருந்துக் கவுன்ட்டரை ஜன்னல் பக்கம் தள்ளி, நடுவில் இருக்கிற நாற்காலி வரிசையைச் சுவரோரம் திருப்பிப் போட்டால் ஹாலே பிரிந்து கொடுக்கும். யோசித்துக்கொண்டே எழுந்து முன்னால் இருந்த காலி நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தாள். அது நாலு நாற்காலியோடு சேர்ந்தது, கிரீச்சென்று ஹாலே திரும்பிப் பார்த்தது. "அம்முணி" என்றார் நாச்சிமுத்து, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊரெல்லாம் திருத்துனது போதாதா? ஆஸ்பத்திரியவாவது அது பாட்டுக்கு விடு." "அந்தப் பெரியவர் விழுந்திருப்பாருங்க." "விழல இல்ல? உக்காரு." உட்கார்ந்தாள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷன், எதற்கும் பதறாது. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூட்டிப்போனால் இடைவேளையில் கூட்டம் வெளியே வருகிற வாசலை நின்று பார்க்கிற பெண்டாட்டியை வேறு யாராவது என்றால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவர் பக்கோடாப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். நாச்சிமுத்து எப்போதும் ஒரு எட்டு பின்னால்தான் நடப்பார். அவள் வேகம் அப்படி.

அவள் நடையைத்தான் ஊர் பேசும். நகரமைப்பு ஆபீஸில் சேர்ந்த புதிதில் பொம்பளைக்கு எதற்கு வெயில் என்று அவளை வரைபடத்துக்கு வர்ணம் அடிக்க உட்கார வைத்தார்கள். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை. அடித்தாள், ரெண்டு வருஷம் அடித்தாள். அப்புறம் ஒருநாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தான் மஞ்சள் அடித்த ஊருக்கே பஸ் ஏறிப் போய்க் காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நடந்து பார்த்தாள். மஞ்சள் அடித்த இடத்தில் பாதி சுடுகாடு. அன்றையிலிருந்து நடந்து பார்க்காமல் ஒரு கோடு போட்டதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே கேள்விதான் கேட்பாள்: "சாயங்காலம் நாலு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகுது?" தெற்கு வடக்காகப் போகிற தெருவில் மேற்குப் பக்கம்தான் விழும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும், நடைபாதையை அங்கே அகலமாக வை. இதைச் சொல்லிச் சொல்லியே நிழல் மேடம் என்று பெயர். ஈரோட்டுப் பக்கம் ஒரு ஊரில் ஜவுளிக்கடைத் தெருவுக்குள் வண்டிகளை விடாமல் நிறுத்தியபோது வியாபாரிகள் கறுப்புக் கொடி கட்டினார்கள். அடுத்த தீபாவளிக்கு அதே ஆட்கள் பட்டுச் சேலையோடு வீட்டுக்கு வந்தார்கள். டெல்லியில் கொடுத்த பதக்கம் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அவள் பச்சை அடித்த ஒரு இடத்தில் இன்றைக்கும் லாரிகள்தான் நிற்கின்றன. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் அவளுக்கு லாரி தெரியாது. புங்க மரம் தெரியும், அடியில் பெஞ்சு தெரியும், பெஞ்சில் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்கிற பெண்கள்கூடத் தெரியும். அதுதானே அவள் பிழைப்பு? இல்லாததைப் பார்க்கிறவளுக்குத்தானே இத்தனை நாள் மாலை போட்டார்கள்? அதே வேலையைக் கிண்ணத்துக்குள் செய்தால் மாட்டிட்டீங்களாம்.

கைப்பைக்குள் போன் உறுமியது. இர்ஃபானாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. அவளிடம் வேலை கற்று, இப்போது சொந்தமாகக் கம்பெனி நடத்துகிற பையன், பையனா, தலை நரைத்துவிட்டது அவனுக்கும். பல்லடத்துக்குத் தெற்கே காற்றாலைகள் சுற்றுகிற பொட்டல் காட்டில் ஒரு புது ஊர் கட்ட அவனுக்கு வேலை வந்திருக்கிறது. முழுசாக ஒரு ஊர்! இத்தனை வருஷமும் அடுத்தவன் கட்டிக் கெடுத்ததை ஒட்டுப்போட்டதுதான் அவள் வேலை. இது வெள்ளைக் காகிதம். "நீங்கதான் மேடம் தலைமை. நீங்க நடந்து பார்த்துச் சொல்ற எடத்துலதான் மொதல் கோடு. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள சரின்னு சொல்லிடுங்க, பேரக் குடுக்கணும்" என்று காலையில்தான் சொல்லியிருந்தான். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அங்கே ஆளைத் தள்ளும். அந்தக் காற்றைத் தெருவுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து விடுவது, எந்த வீட்டுச் சுவரில் மோதித் திருப்புவது என்று பத்து நாளாக ராத்திரி பகல் அதே நினைப்பு. டெஸ்ட் நல்லபடியாக வந்தால் சரி என்று சொல்லிவிடலாம் என்று காலையில் பல் விளக்கும்போது தீர்மானம் பண்ணினாள். அது நல்லபடியாக வர வேண்டும் என்றுதானே விரல் அப்படித் துடித்தது. டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். "கண்ணுல பிரஷர் ஜாஸ்தியா இருக்குதுங்க மேடம். இது பார்வைய ஓரத்துல இருந்து திங்கும். போனது திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்தலாம், ஆனா எவ்வளவு போயிருக்குன்னு சரியாத் தெரியணும். தெரியாம மருந்து குடுத்தா மிச்சமும் போயிரும்." சரியாகத் தெரியணும். அவளும் இதையே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! இருக்கிற நிலைமையை ஒழுங்காக அளக்காமல் எவனாவது பிளான் கொண்டுவந்தால் கிழித்துப் போடாத குறையாகத் திருப்பி அனுப்புவாளே.

இடது முழங்கையைத் தடவிக்கொண்டாள். இன்னும் வலிக்கிறது, சேலைத் தலைப்புக்குள் நீலம் பாரித்துக் கிடக்கிறது. மின்கம்பத்தில் இடித்துக்கொண்டு, "எந்த மடையன் நடைபாதை நடுவுல கம்பம் நட்டான்?" என்று தெருவில் நின்று கத்தினாள். கம்பம் ஓரத்தில்தான் இருந்தது. போன மாதம் நடைபாதை விளிம்பில் கால் இறங்கி விழுந்தாள், வீட்டில் செருப்பு அறுந்ததாகச் சொன்னாள், அறுந்துபோகாத செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். காபி டம்ளரைத் தட்டிவிட்டால் டம்ளரை வைத்தவர் மேல் எரிச்சல். "ஏனுங்க, இப்படியா வெப்பீங்க ஓரத்துல?" ஓரத்துல. டம்ளர். சாம்பார்க் கிண்ணம். அப்பாவும் இப்படித்தான் சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிடுவார். அம்மா கரித்துணியோடு வந்து திட்டுவாள். மங்கையர்க்கரசி நாற்காலியில் நிமிர்ந்தாள். இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்தது இது? உடுமலையில் பஸ் டிரைவர் அப்பா. பழநி லைனில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்பார்கள். ஒருநாள் முதலாளி மேஜையில் சாவியை வைத்துவிட்டு வந்து, இனி ஓட்டலை, பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்க்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். விபத்தில்லை, சண்டையில்லை, காரணமே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று அம்மா சாகிற வரை சொன்னாள். காலேஜ் கடைசி வருஷம் படித்த இவளும் விட்டாளா? "எல்லாரு அப்பாவும் ஓட்டறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன கேடு?" என்றாள். "போதுங் கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் அந்த நடை. அப்பாவோடு தெருவில் நடந்தால், "நீ இந்தப் பக்கம் வா கண்ணு" என்று இடது கைப் பக்கம் இழுத்து விட்டுக்கொள்வார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது அது சுவரோரம், வண்டி இடிக்காமல் இருக்க இழுக்கிறார் என்று நினைத்தாள். திரும்பி வரும்போதும் அதே இடது பக்கம்தான், அது வண்டி போகிற ரோட்டுப் பக்கம். "வயசுப் புள்ளைய ரோட்டுப் பக்கம் நடக்க வெச்சுக் கூட்டிட்டு வர்றீங்களே, கூறு இருக்குதா உங்களுக்கு?" என்று அம்மா வாசலில் நின்று கத்துவாள். அப்பா சிரிப்பார், ஆனால் மாற மாட்டார். அய்யோ, அப்பா. இடது பக்கம் தெரியாமல் எத்தனை நாள் அந்தப் பஸ்ஸை ஓட்டினீர்கள்? எந்த வளைவில் எந்தச் சைக்கிள்காரன் திடீரென்று முளைத்தான்? ஐம்பது பேரை வைத்துக்கொண்டு பார்க்க முடியாத ஓரத்தைப் பார்ப்பதாக நடிக்க மாட்டேன் என்று சாவியை வைத்தாரே, அந்த மனுஷனையா பயந்தாங்கொள்ளி என்றோம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொன்னால் நேரம் பார்க்கிற வேலையும் போய்விடும் என்றா, இல்லை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் குருட்டு வம்சம் என்று பேர் வந்துவிடும் என்றா? கேட்க ஆள் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நாச்சிமுத்து கர்சீப்பை நீட்டினார், என்னவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பாள், அது அவருக்கும் தெரியும்.

"ஏனுங்க, வூட்டுக்குப் போயிரலாமா?" என்றாள் திடீரென்று. "எதுக்கு?" "இந்த மிஷினே சரியில்ல. வேற எடத்துல பார்த்துக்கலாம்." "சரி, போலாம்" என்று உடனே பேப்பரை மடித்துப் பையில் வைத்து எழுந்து நின்றுவிட்டார். இந்த மனுஷனோடு இதுதான் தொல்லை. வேண்டாம், உட்காரு என்று ஒரு அதட்டல் போட்டால் அவளும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு உட்காரலாம். சரி என்றால் என்ன செய்வது? போகலாம். போய் இர்ஃபானிடம் சரி என்று சொல்லலாம். பொட்டல் காட்டில் நடக்கலாம், விழுந்தால் எழுந்துகொள்ளலாம், பக்கத்தில் யாராவது பையன் வருவான். ஆனால் இடது பக்கம் இருக்கிற கிணற்றை, வாய்க்காலை, ஒருத்தன் குடிசையை அவள் பார்க்காமல் விட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று கோடு போட்டால்? மேடம் நடந்து பார்த்துட்டாங்க என்று அத்தனை பேரும் நம்பிக் கட்டுவார்களே. ஐம்பது பேரில்லை, ஒரு ஊரே பின்னால் உட்கார்ந்திருக்கும். "மங்கையர்க்கரசி மேடம்" என்று ஜீவிதா கதவைத் திறந்து கூப்பிட்டாள். நாச்சிமுத்து ரெண்டு பக்கமும் பார்த்தார், லிஃப்டையும் அந்தக் கதவையும். "என்ன பண்றது?" "பையப் புடிங்க" என்று கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுபடி தாங்கி, மறுபடி கிண்ணம். "தெரியலைனா விட்ருங்க மேடம். சில லைட்டு ரொம்ப மங்கலா வரும், நல்ல கண்ணுக்கே தெரியாது" என்றாள் ஜீவிதா. அந்த ஆறுதலை மங்கையர்க்கரசி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கணைந்தது. டிக், வலது மேலே பொட்டு, அழுத்தினாள். டிக், நடுவுக்குப் பக்கத்தில், அழுத்தினாள். டிக். ஒன்றுமில்லை. விரல் எழுந்தது, அதை அப்படியே பிடித்து வைத்தாள். இது ஏமாற்றுகிற டிக்காக இருக்கும். டிக். ஒன்றுமில்லை. மங்கலான வெளிச்சமாக இருக்கும், நல்ல கண்ணுக்கே தெரியாது என்றாளே. டிக், மேலே ஒன்று, அப்பாடா, அழுத்தினாள். டிக். டிக். இடது கீழ்ப்பக்கம்தான், அவளுக்குத் தெரியும், கட்டம் அவளுக்கு மனப்பாடம், அங்கேதான் இப்போது மின்னிக்கொண்டிருக்கிறது, யாருக்கோ நன்றாகத் தெரிகிற மாதிரி மின்னுகிறது. விரல் பட்டனைத் தொட்டுக்கொண்டு நின்றது. அழுத்திவிடு, ஒன்றே ஒன்று, அந்த மூலைக்கு மட்டும், அங்கே ஒரு தெரு போடலாம், புங்க மரம் வைக்கலாம். டிக். அழுத்தவில்லை. வேர்த்து, தாங்கியின் மேல்பட்டையில் நெற்றி வழுக்கியது. நடுப்புள்ளியை விடாமல் பார்த்துக்கொண்டு, சத்தத்தை வைத்து அந்த இருட்டின் விளிம்பைச் சுற்றி வந்தாள். இங்கே வரைக்கும் தெரிகிறது, இதற்கு அப்பால் இல்லை. இங்கே தெரிகிறது, இங்கே இல்லை. நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது. மிஷின் டிக் டிக்கென்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தது, இல்லை இல்லை என்று விரலை அசைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் ஜீவிதா விளக்கைப் போட்டு, காகிதம் வெளியே வருகிற வரை காத்திருந்து, "இப்ப கரெக்டா வந்திருக்குதுங்க மேடம்" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. "தெரியுமுங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

டாக்டர் பார்த்தார், சொட்டு மருந்தை மாற்றினார், அடுத்த மாதமே ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தை விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்றார். தனியாக ரோட்டில் இறங்க வேண்டாம் என்றார். படி இறங்கும்போது போன் மறுபடி உறுமியது. நின்று எடுத்தாள். "மேடம், நல்ல சேதிதானே?" என்றான் இர்ஃபான். "இர்ஃபான், எனக்கு இடது கண்ணுல ஓரம் போயிருச்சு. எவ்வளவுன்னு இன்னிக்குத்தான் சரியா அளந்தாங்க. தனியா நடந்து பார்க்க முடியாது. பார்த்தாலும் நான் பார்த்தத மட்டும் நம்பிக் கோடு போடக் கூடாது. இத உங்காளுககிட்ட அப்படியே சொல்லு. அதுக்கப்புறமும் நான் வேணும்னா கூப்பிடு." "மேடம்..." என்றான். "இப்ப எதுவும் சொல்லாத சாமி. யோசிச்சுச் சொல்லு" என்று வைத்துவிட்டாள். பக்கத்துப் படியில் நாச்சிமுத்து கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். கொட்டாவி விட்டு மறைத்தார், கண்ணில் தண்ணீர் நின்றது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. நிழல் எந்தப் பக்கம் என்று தேடாமலே தெரிந்தது, அதில்தான் இறங்கி நடந்தார்கள். நடைபாதைக்கு வலது பக்கம் ரோடு, டவுன் பஸ்கள் உரசிக்கொண்டு போயின. முதல் தடவையாக அவள் மெல்ல நடந்ததால் நாச்சிமுத்து அவளோடு சேர்ந்து வந்துவிட்டார், பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "ஏனுங்க, நீங்க இந்தப் பக்கம் வாங்க." "எந்தப் பக்கம்?" "இடது பக்கம்." "கூறு இருக்குதா உனக்கு? ரோட்டுப் பக்கம் நான்தான நடக்கோணும்? வண்டி வருது பாரு." "ரோட்டுப் பக்கம் எனக்குத் தெரியுதுங்க" என்றாள் மங்கையர்க்கரசி. "இந்தப் பக்கந்தான் தெரியல." அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் பின்னால் சுற்றி, இடது பக்கம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நீலம் பாரித்த இடத்திலேயே பிடித்தார். வலித்தது, விடச் சொல்லவில்லை.